உன் காருக்காக அளந்த வீடு

சாமு, இதை எங்கேயாவது உட்கார்ந்து படி. ஆபீசில் பாதியும் பெங்களூர் பஸ்ஸில் மீதியுமாகப் படித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் உன்னிடம் சண்டை போட்டு நான் ஜெயித்ததே கிடையாது. "அப்பா, அது அப்படி இல்லப்பா" என்று நீ ஆரம்பித்தால் போதும், நான் இறங்கிவிடுவேன். சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இந்த முறை அப்படி ஆகக் கூடாது. சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. உன் அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள், அவ்வளவுதான். வாசலில் பந்தல்காரன் வந்து அளவு கேட்டுவிட்டுப் போனான். கல்யாண வீடு என்று அவன்தான் எங்களுக்கு ஞாபகப்படுத்தினான்.

சனிக்கிழமை காலை பத்திரிகை அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்து உன் பெயரையும் கிரேஸ் பெயரையும் ஒரே வரியில் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் பத்திரிகையைச் சம்பந்தி கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. போன் செய்துவிட்டுப் போவதுதான் முறை. ஆனால் ஆம்பூரிலிருந்து ஜோலார்பேட்டை என்ன அமெரிக்காவா? பாசஞ்சரில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் பையைத் திறந்து திறந்து பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரில் இருந்த பூக்காரம்மாவிடம்கூட, "பையனுக்குக் கல்யாணம், பெங்களூர்ல சாப்ட்வேர்" என்று சொன்னேன். அந்தம்மா கேட்கவே இல்லை. பெண் வீட்டிலிருந்து கார்கூட வருகிறது, ரொக்கமாக எடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். அதையும் அந்தம்மா கேட்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

கிரேஸின் அப்பா ஞானராஜ் வீடு உனக்குத் தெரியும். ரயில்வே சம்பளத்தில் பாத்ரூம், சமையல்கட்டு, வாசல் சுவர் என்று துண்டு துண்டாகக் கட்டிய வீடு. அடுத்த வருடம் ரிட்டயர்டு ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கே குடிபோவதாக இருந்தார். நான் நேரே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். புது வீட்டில் இருக்கிறார் என்று பக்கத்தில் சொன்னார்கள். அங்கே போனால், மனுஷன் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளவு டேப்பின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையை ஓர் இளைஞன் பிடித்து அளவு சொல்ல, கண்ணாடி போட்ட ஒருவர் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். "இன்னா சம்பந்தி, மாப்பிள்ள வர்றதுக்குள்ள மாடி எழுப்பிடலாம்னு பாக்குறீங்களா?" என்று வாசலிலிருந்தே சத்தமாகக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "மாடி இல்ல சார். வீட்ட அடமானம் வெக்கிறாரு, லோனுக்கு. எவ்ளோ பெறும்னு அளக்க வந்தோம்."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கல்யாணச் செலவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். "கல்யாணத்த சிம்பிளா வெச்சுக்கலாம்னு நாமதானங்க பேசினோம்? சாப்பாட்ட வேணும்னா நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் டேப்பை விடவே இல்லை. உட்கார்ந்தபடியே, "கல்யாணத்துக்கு இல்லீங்க. காருக்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. கார்தான் ரொக்கமாக எடுக்கிறார்களே, அதற்கு எதற்கு லோன்? அதையே கேட்டேன். "ரொக்கமா எடுக்கணும்னாதாங்க லோன்" என்றார். சாமு, இந்த வாக்கியத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துக்கொள். நான் அன்று ரயிலில் திரும்பி வரும்போது வாணியம்பாடி வரைக்கும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நிச்சயத்தன்று என்ன பேசினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அவராகத்தான் சொன்னார். "பொண்ணுக்கு ஒரு சின்ன கார் எடுத்து தர்லாம்னு ஆசைங்க. முன்பணம் நான் கட்டிடறேன். மாசா மாசம் டியூ புள்ளைங்க கட்டிக்கட்டும்" என்றார். நான் அப்போது, கார் எதற்குங்க, வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நாம் ஒன்றும் கேட்கிற குடும்பம் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். ஆனால் சொன்னது என்ன? "உங்க இஷ்டம்" என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை. கேட்காத மாதிரியும் இருக்கும், வேண்டாம் என்று சொல்லாத மாதிரியும் இருக்கும். அடுத்த வாரம் நீ போன் செய்து, "மாமா பெரிய வண்டியே எடுக்கிறாராம்ப்பா, டிக்கி வெச்சது, முழு ரொக்கம்" என்றாய். ரயில்வேக்காரர், எங்கோ சேர்த்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து நாலு பேரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஞானராஜிடம் கேட்டேன்: "சின்ன வண்டி, முன்பணம்னு தானங்க பேசினோம். ஏன் இப்டி மாத்திக்கினீங்க?" அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ள ஒண்ணும் தப்பா கேக்கலீங்க. போன் பண்ணாரு. 'மாமா, டியூல எடுக்கறதா இருந்தா வேணவே வேணாம். எங்கப்பாவுக்கு பைனான்ஸ்னாலே ஆகாது. கல்யாணத்தன்னிக்கு சர்ச் வாசல்ல பைனான்ஸ் ஸ்டிக்கரோட வண்டி நின்னா அவர் மனசு ஒடஞ்சிடும். எடுத்தா ரொக்கமா எடுங்க. சின்ன வண்டி பெங்களூர் ரோட்டுக்கு சரிவராது'ன்னாரு. நியாயந்தானங்க? உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல."

என் மனசு! நீ கேட்டாய் என்பது ஒரு அடி. என் பெயரைச் சொல்லிக் கேட்டாய் என்பது அதைவிடப் பெரிய அடி. நான் கெட்ட வார்த்தை எதுவும் பேசிவிடக் கூடாதே என்று டீயைக் குடித்தேன், நாக்கு வெந்துபோனது. அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். ஞானராஜ் எழுந்து என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "இத நீங்க பாத்துட்டீங்கன்னு மாப்பிள்ளைக்கு தெரிய வேணாங்க. அவர் மனசுல எதுனா வெச்சுக்கினா, நாளைக்கி எம் பொண்ணுக்குதான் கஷ்டம். கிரேஸுக்கே தெரியாதுங்க" என்றார். கைகூப்பியே விட்டார். என்னைவிட வயதில் மூத்தவர். என் பிள்ளையைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்று நான் கனவில்கூட நினைத்தது இல்லை. உன்னைப் பார்த்து நம் தெரு நாய்கூடப் பயந்தது கிடையாது. நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தலையாட்டினேன். அந்த வாக்கை இந்தக் கடிதத்தில் உடைக்கிறேன், தெரிந்துதான் உடைக்கிறேன்.

திரும்பி வரும்போது உன்மேல் இருந்த கோபம் மெல்ல என்மேலேயே திரும்பியது. ஏனென்றால் அந்த ஸ்டிக்கர் நான் கற்றுக்கொடுத்தது. தொண்ணூறுகளின் நடுவில் கழிவுநீர் வழக்கில் நம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளைப் பூட்டினார்களே, அந்த மாதங்கள் உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். உன் தாமஸ் சித்தப்பா அதற்கு முந்தின வருடம்தான் ஒரு பழைய அம்பாசிடரைப் பைனான்ஸில் எடுத்திருந்தான். தொழிற்சாலை ஷிப்ட் போக மீதி நேரம் வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சவாரி அடிக்கலாம் என்று கணக்கு. தொழிற்சாலை மூடியதும் சம்பளம் நின்றது, ஊரில் யார் கையிலும் காசு இல்லாததால் சவாரியும் நின்றது, டியூவும் நின்றது. ஆலங்காயத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்கு எல்லாரும் அந்தக் காரில் போய்விட்டுத் திரும்பும்போது வாணியம்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஜீப் குறுக்கே நின்றது. "டியூ கட்டல. சாவிய குடு" என்றான் ஒருத்தன். பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் இறக்கிவிட்டு நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று தாமஸ் கெஞ்சினான். "அதெல்லாம் பேஜார் புடிச்ச வேல. எறங்குங்க" என்றான். உன் அம்மாவிடம் மட்டும் மரியாதையாக, "அக்கா, சாமானெல்லாம் பாத்து எடுத்துக்குங்க" என்றான். டிபன் கேரியர், தண்ணீர் கேன், பிரியாணிப் பொட்டலம் எல்லாவற்றையும் இறக்கினோம். தூங்கிக்கொண்டிருந்த உன்னைத் தூக்கி நிறுத்தினேன். வண்டி போன பிறகுதான் பார்த்தோம், உன் ஒரு கால் செருப்பு காரோடு போய்விட்டது. ஊருக்கே செருப்புத் தைக்கிற ஆம்பூருக்கு நீ ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் வந்து இறங்கினாய்.

அன்றைக்குச் சபதம் எடுத்தேன், நம் வீட்டில் இனி எதுவும் ரொக்கம்தான் என்று. என் முதலாளி பாய் வட்டி வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். அவர் மாதிரி நானும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அவருக்கு அது மார்க்கம் சொன்னது. எனக்கு அது வெறும் பயம், அதற்கு நான் கொள்கை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தினேனா? உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மெயின் ரோட்டில் நிறுத்தி, போகிற கார்களின் பின் கண்ணாடியைக் காட்டுவேன். பைனான்ஸ் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், "பாத்தியா, இது அவன் கார் இல்ல" என்பேன். ஒட்டாமல் இருந்தால், "இதான் ஆம்பளை" என்பேன். நீ கைதட்டுவாய். விளையாட்டாக இருந்தது. பெரிய பெரிய ஆட்களை அப்பனும் மகனுமாக ரோட்டோரத்தில் நின்று கேலி செய்தோம். பின் கண்ணாடி சுத்தமாக இருக்கிற கார்தான் மரியாதை என்று நீ நினைத்துக்கொண்டதில் உன்னைத் தனியாகக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ரோட்டில் நாம் இறங்கி நின்றது சம்பளம் நின்றதால். பைனான்ஸ்காரன் ஜீப்பில் வந்தது அதற்குப் பிறகு. இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். யூனிபாரத்தை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். "நம்ம சாமுவா?" என்றாள். ஆமாம் என்றேன். "திரும்ப சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "அவன் வாயாலயே கேட்டானா? வேற யாரும் சொல்லிக் குடுக்கலயே?" என்றாள். இல்லை என்றேன். அயர்ன் பாக்ஸைத் துணிமேலேயே வைத்துவிட்டு நின்றாள். புகை வந்த பிறகு நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். உனக்காக அவள் ஒரு வார்த்தை பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். எப்போதும் அப்படித்தானே? அன்று பேசவில்லை. "திங்கக்கெழம லீவு போடறேன். ரெண்டு பேரும் வேலூர் போய் இத நிறுத்திட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஞானராஜையும் வரச்சொல்லிவிட்டோம். முதலில் ஷோரூமுக்குப் போய்ப் பெரிய வண்டியின் புக்கிங்கை ரத்து செய்தோம். அவர் கட்டியிருந்த முன்தொகையைச் செக்காக அவர் பெயருக்கே அனுப்புவார்கள். வீடு அளந்தவர்களுக்கான கூலியை நான் கொடுத்துவிட்டேன், அதை நீ எனக்குத் தர வேண்டும், விடமாட்டேன். அடமான லோனும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. மனுஷன் வெளியே வந்து பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். முகத்தில் பாதி நிம்மதி, பாதி கிலி. "பொண்ணுக்கு ஒண்ணுமே செய்யலன்னு ஆயிடாதுங்களா?" என்று கேட்டார். "நீங்க பெத்து வளத்த பொண்ணையே எங்களுக்கு குடுக்கறீங்க, இன்னும் இன்னா?" என்று உன் அம்மா கேட்டாள். அவர் சோடா பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

அதே தெருவில் மாடியில் ஒரு கார் பைனான்ஸ் ஆபீஸ். உன் பெயரில் ஒரு சின்ன வண்டிக்கு லோன் கேட்பது, முன்பணம் உன் சேமிப்பிலிருந்து, தவணை உன் சம்பளத்திலிருந்து, ஜாமீன் நான் என்று முடிவு செய்துகொண்டு ஏறினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படியொரு படிக்கட்டு. மேஜையில் ஒரு சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். "சார், இதுக்கு முன்னாடி எதுனா லோன் எடுத்து கட்டியிருக்கீங்களா?" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "என் வாழ்க்கையில ஒரு பைசா லோன் எடுத்ததில்லம்மா. எல்லாம் ரொக்கம்" என்றேன். அந்தப் பெண் எழுந்து நின்று கைகொடுப்பாள் என்றே எதிர்பார்த்தேன். அவள் முகம் வாடிப்போனது. "அப்ப கஷ்டம் சார். நீங்க ரிட்டயர்டு வேற. ஒரு தடவகூட வாங்கிக் கட்டாதவர நாங்க எத வெச்சு நம்பறது?" என்றாள்.

சாமு, என்னைக் கொஞ்சம் நினைத்துப் பார். ஊர் முழுக்க என்னை நம்புகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன். என் ரொக்கத்துக்கு அந்த மாடியில் சல்லிக்காசு மதிப்பில்லை. எழுந்துவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அப்போது உன் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஜாமீன என் பேர்ல போடும்மா. எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு. ஆஸ்பத்திரி சொசைட்டில லோன் எடுத்து ஒரு மாசம் தவறாம கட்டி முடிச்சிருக்கேன். கேட்டா அவங்களே எழுதித் தருவாங்க" என்றாள். "இன்னா லோன்?" என்று நான் கேட்டேன். என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னாள்: "கார் லோன்." எந்தக் கார் என்றேன். "நம்ம வூட்ல இன்னா பத்து காரா நிக்குது?" என்றாள்.

நம் வெள்ளை எண்ணூறு காரைத்தான் சொன்னாள். இரண்டாயிரத்து ஒன்றில், இரண்டாவது கையாக வாங்கினோமே, அதே வண்டி. ரெக்சின் பையில் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பின் கண்ணாடியைத் துணியால் துடைத்து உனக்குக் காட்டினேனே, அந்தக் கார். என்னிடம் நாற்பதாயிரம் குறைந்தது. அவள் ஒரு கவரில் வைத்துக் கொடுத்தாள். "சேத்து வெச்சதுன்னுதான சொன்ன?" என்று அந்தப் பெண் முன்னாலேயே கேட்டேன். "லோன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா? பத்து நாளா மூஞ்ச தூக்கிக்கினு படுத்துக் கெடந்தீங்க" என்றாள். ஞானராஜ் தலைக்கு மேலே ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப் பெண் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். என்னால் யாரையும் பார்க்க முடியவில்லை.

மூன்று வருடம் அவள் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். அந்த நாட்களில் ஞாயிறு டியூட்டியைக் கேட்டு வாங்கிப் போவாள். சர்ச்சில் யாராவது, சிஸ்டர் வரலியா என்று கேட்டால், "அவளுக்கு ஆஸ்பத்திரிதான் சர்ச்" என்று நான் கிண்டல் செய்வேன். காலையில் அதே காரில் அவளைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவேன், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி. அங்கிருந்து அவள் வேலூர் பாகாயத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் அந்தக் காருக்கான டியூவைச் சம்பாதித்துக் கொண்டுவந்தாள். நான் ரொக்கம் என்று ஊரெல்லாம் சொன்னது அவளுடைய தவணை. நீ ரொக்கம் என்று கேட்டது ஞானராஜின் வீடு. பணத்தை மொத்தமாக எண்ணி வைத்தவனுக்குக் கடன் இல்லை என்று நாம் இரண்டு பேரும் நம்பிவிட்டோம். அந்தக் கடனை வேறு யாரோ சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. உன் அம்மாவிடம் மன்னிப்பு கேட்டேன். "மொதல்ல பையனுக்கு எழுதி வரச்சொல்லுங்க" என்றாள்.

அதனால் சொல்கிறேன். உன்னிடம் சொந்தமாகச் சேர்த்த பணம் மொத்தமும் இருந்து, அதைக் கொடுத்த பிறகும் ஆறு மாதம் வேலை இல்லாமல் வீட்டை நடத்தக் காசு மிஞ்சும் என்றால், ரொக்கமாகவே வாங்கு. அதைவிட நிம்மதி வேறு கிடையாது. அப்படி இல்லையென்றால் தவணையில் வாங்கு, வெட்கப்படாதே. ஆனால் வேலை போன மாதத்திலும் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் வாங்கு. தாமஸ் கார் வாங்கியதில் தப்பில்லை, ஒரு மாதம் சம்பளம் நின்றால் என்ன செய்வது என்று யோசிக்காமல் வாங்கியதுதான் தப்பு. முன்பணத்தை எவ்வளவு ஜாஸ்தி போட முடியுமோ போடு, வருஷத்தைக் கம்மி பண்ணு. வட்டி எத்தனை என்று மட்டும் கேட்காதே. முழுத் தொகைக்கும் கடைசி வரை ஒரே வட்டியா, கட்டக் கட்டக் குறைகிற அசலுக்கு வட்டியா என்று கேள். சின்ன எண்ணைச் சொல்லிப் பெரிய பணம் வாங்குகிற இடம் அதுதான். கடைசி டியூ கட்டியதும் ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயரை எடுக்க மறந்துவிடாதே. இதெல்லாம் அந்தச் சின்னப் பெண்ணும் உன் அம்மாவும் பேசிக்கொண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது.

"நான் கேக்கலப்பா, அவரே ஒத்துக்கிட்டாரு" என்று நீ சொல்லலாம். ஒத்துக்கொள்ளாமல் அவர் என்ன செய்வார்? நிச்சயம் முடிந்த பிறகு பெண்ணைப் பெற்றவனுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் ஏது? நான் "உங்க இஷ்டம்" என்றேன், நீ "அப்பாவுக்கு ஆகாது" என்றாய். நாம் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. அந்த மனிதர் மட்டும் டேப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த வெள்ளிக்கிழமை கிளம்பி வா. ஆம்பூருக்கு வராதே, முதலில் ஜோலார்பேட்டையில் இறங்கு. கிரேஸிடம் நடந்ததை நீயே சொல். நான் சொல்ல மாட்டேன், அவள் அப்பாவும் சொல்ல மாட்டார். நீ போன் செய்தது, என் பெயரைச் சொன்னது, வீட்டை அளந்தது, ஒன்று விடாமல் சொல். கேட்டுவிட்டு அவள் உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றால், கொடுத்த பத்திரிகைகளை வீடு வீடாகப் போய் நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அது சாவு மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அவளுக்குத் தெரியாமல் நீ அவள் பக்கத்தில் போய் நின்று வாக்குக் கொடுப்பதை என்னால் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

அவள் சரி என்றால், இரண்டு பேருமாக வேலூருக்கு வாருங்கள். பைனான்ஸ் ஆபீசில் தாள்கள் தயாராக இருக்கின்றன. ஜாமீன் இடத்தில் உன் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதற்கு மேலே ஒரு கோடு காலியாக இருக்கிறது, அது உன்னுடையது. கல்யாணத்தன்று சர்ச் வாசலில் சின்ன வண்டி நிற்கட்டும். பின் கண்ணாடியில் ஸ்டிக்கர் இருக்கட்டும், அதைப் பூ ஒட்டி மறைக்காதே. நம் ஊர்க்காரர்கள் கண்ணில் அதுதான் முதலில் படும், நான்தான் அவர்களில் பாதிப் பேருக்குப் பழக்கிவிட்டேன். யாராவது உன் தோளைத் தட்டி, "இன்னா தம்பி, பைனான்ஸா?" என்று கேட்பார்கள். "ஆமா, எங்கம்மா ஜாமீன்" என்று சத்தமாகச் சொல். நானும் பக்கத்தில்தான் நிற்பேன், எனக்கும் அது கேட்க வேண்டும்.

ஜாமீனுக்கு ஆகாத
உன் அப்பா